தலசீமியா பிள்ளைக்குச் சொந்தக்காரர் ரத்தம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

2024 ஏப்ரல் 18, கேள்வி

அண்ணன் பையனுக்கு எட்டு மாதம். தலசீமியா மேஜர், அதாவது உடம்பு சிவப்பணுவைச் சரியாக உண்டாக்காத பிறவி நோய், என்று சொல்லிவிட்டார்கள். இனி மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டுமாம். அண்ணன் பி பாசிட்டிவ், அண்ணி பி பாசிட்டிவ், நான் பி பாசிட்டிவ், குழந்தையும் அதே. வீட்டிலேயே இத்தனை பேர் இருக்கும்போது ரத்த வங்கியில் "சொந்தக்காரர் வேண்டாம், வெளியாள் கொடுக்கட்டும்" என்கிறார்கள். முகம் தெரியாதவன் ரத்தத்தைவிட அப்பன் ரத்தம் எந்த விதத்தில் குறைச்சல்? இது காசுக்காகச் செய்கிற வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2024 ஏப்ரல் 18, இரவு, பதில்

தம்பி, என் மகளுக்கு 13 வயது. ஆறாவது மாதத்திலிருந்து ஏற்றுகிறோம், இருநூறு தடவைக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் கேட்டிருப்பதை என் தம்பி, அவளுடைய தாய்மாமா, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதே கோபத்தோடு கேட்டான்.

பையில் சிவப்பணு மட்டும் வருவதில்லை. கொடுப்பவரின் வெள்ளையணுக்களும் கொஞ்சம் கூடவே வரும். வெளியாளுடையது என்றால் பிள்ளையின் உடம்பு அதை இனம் கண்டு அழித்துவிடும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் என்றால் அடையாளம் பாதிக்கு ஒத்துப்போகிறது. சில சமயம் பிள்ளையின் உடம்புக்கு அது வேற்றாளாகவே தெரியாது. ஆனால் வந்து சேர்ந்த அணுக்களுக்கோ பிள்ளையின் உடம்பு வேற்றாகத் தெரியும். உள்ளே பெருகி தோல், குடல், ஈரல், கடைசியில் எலும்பு மஜ்ஜை வரை தாக்கும். அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் பிழைப்பவர்கள் மிகச் சிலர்.

இரண்டாவது காரணம்தான் உங்கள் வீட்டுக்கு முக்கியம். இந்த நோயை அடியோடு தீர்க்க இன்று பரவலாகச் செய்வது மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்தே செய்கிறார்கள். மஜ்ஜை பெரும்பாலும் கூடப்பிறந்தவரிடமிருந்து வரும், பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இப்போதே குடும்பத்து ரத்தத்தை ஏற்றிப் பழக்கினால் பிள்ளையின் உடம்பு அந்த அடையாளங்களை எதிரியாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே குடும்பத்து மஜ்ஜையை வைத்தால் தள்ளிவிடக்கூடும்.

காசு பற்றி. ரத்தத்தை விற்கக் கூடாது. 1998 ஜனவரி 1 முதல் காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பதும் தடை. அவர்கள் வாங்குவது பை, பரிசோதனை, பிரித்தெடுக்கும் செலவு. தலசீமியா பிள்ளைகளிடம் அதையும் வாங்கக் கூடாது என்று தேசிய ரத்தமாற்றுக் குழுமம் சொல்லியிருக்கிறது. பில் போட்டால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

2024 ஏப்ரல் 19, காலை

ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் முந்தி இதைச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தைக்கு முதல் பை ஏறிவிட்டதா? ஏறவில்லை என்றால் அதற்கு முன்னால் "விரிவான ரத்த வகை பார்த்து எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பி பாசிட்டிவ் என்பது வெறும் தெருப் பெயர் மாதிரி, கதவு எண் வேறு. சிவப்பணுவின் மேல் பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ, கெல் என்று இன்னும் சில அடையாளங்கள் இருக்கின்றன. ஒரு தடவை ஏற்றிவிட்டால் அடுத்தவர் அணுவும் பிள்ளையின் அணுவும் கலந்துவிடும், சாதாரணப் பரிசோதனையில் பிரித்துப் பார்க்க முடியாது. அப்புறம் மரபணுப் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. என்ன ஆனது என்று பிறகு எழுதுகிறேன். நீங்கள் முதலில் போன் போடுங்கள்.

2024 ஏப்ரல் 22

திங்கட்கிழமைதான் முதல் பை, அதற்கு முன் சாம்பிள் எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அந்த ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி வையுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போக வேண்டிய காகிதம் அது.

2024 ஏப்ரல் 28

சொல்கிறேன் என்றேன் அல்லவா. 2017 மே மாதம், மகளுக்கு ஆறு வயது. எச்.பி. (ஹீமோகுளோபின்) 7.4 வரை இறங்கிவிட்டது. வழக்கமாகப் போகும் இடத்தில் இருப்பு இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். குரூப் பார்த்தார்கள், பை அவளுக்குச் சேருமா என்று பார்க்கும் கிராஸ் மேட்சை ஏதோ அவசரமாகப் பார்த்தார்கள், அரை மணியில் பை வந்துவிட்டது. வெள்ளையணுவை வடிகட்டும் ஃபில்டர் இல்லை. நானும் கேட்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து உதடு துடிக்க ஆரம்பித்தது. பல் அடித்துக்கொள்கிறது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிறது. நிறுத்தி, ஊசி போட்டு, சரியானதும் மீதியை ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்தோம். ஆறாம் நாள் பாத்ரூமிலிருந்து "அம்மா, ஒண்ணுக்கு காபி மாதிரி போகுது" என்று கூப்பிட்டாள். கண் மஞ்சள். எச்.பி. 6.1. ஏற்றினதெல்லாம் பத்து நாளுக்குள் உடைந்து போயிருந்தது. பிறகு பெரிய இடத்தில் பார்த்தபோதுதான் பெரிய ஈ-க்கு எதிராக அவள் உடம்பு ஆன்டிபாடி, அதாவது அதைத் தாக்கும் எதிர்ப்பொருள், கட்டியிருப்பது தெரிந்தது. அவளிடம் பெரிய ஈ இல்லை. ஏற்றின பையில் இருந்திருக்கிறது.

2024 மே 4

மேலே எழுதியதைப் படித்தால் குளிர்நடுக்கமும் எச்.பி. இறங்கியதும் ஒரே காரணம் என்று தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன சனிக்கிழமை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்தேன், இரண்டும் வேறு வேறு. நடுக்கம் பெரும்பாலும் வெள்ளையணுக்களால் வருவது. ஃபில்டர் போட்டிருந்தால் அதைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். உடைந்தது ஆன்டிபாடியால். அது ஏற்கெனவே வேறு ஏதோ ஒரு பையில் ஆரம்பித்து, அளவு குறைந்து ஒளிந்துகொண்டு, இந்தப் பையைப் பார்த்ததும் விழித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஐந்தாறு நாள் தாமதம். ஃபில்டர் எத்தனை நல்லதாக இருந்தாலும் ஆன்டிபாடியிடம் பலிக்காது.

ஆகவே ஒவ்வொரு தடவையும் இரண்டு கேள்வி கேளுங்கள். வெள்ளையணு நீக்கியாயிற்றா? ஆன்டிபாடி ஸ்கிரீனிங் பார்த்தாயிற்றா? நர்ஸுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

2024 மே 21

இருப்பு இல்லையாம் என்று புலம்பியிருக்கிறீர்கள். ஏப்ரல், மே இரண்டும் எப்போதும் இப்படித்தான். கல்லூரி லீவு, கேம்ப் கிடையாது, வெயிலில் யாரும் வரமாட்டார்கள். ரத்ததான நாட்களான ஜூன் 14-ம் தேதியும் அக்டோபர் 1-ம் தேதியும் மேடை போட்டு வரிசையில் நின்று கொடுப்பார்கள். சிவப்பணுப் பை நல்ல திரவத்தில் வைத்தால் 42 நாள் தாங்கும், அதற்கு மேல் இல்லை. தலசீமியா பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்குள் எடுத்த பையாக இருந்தால் நல்லது, உடம்பில் அதிக நாள் நிற்கும். அக்டோபரில் கொடுத்தது மே மாதத்துக்கு எங்கிருந்து வரும்?

கணக்குப் பாருங்கள். என் மகள் 34 கிலோ. மூன்று வாரத்துக்கு இரண்டு பை, வருடத்துக்கு 35 பை. ஓர் ஆண் 90 நாளுக்கு ஒரு தடவை, வருடத்தில் நாலு தடவை கொடுக்கலாம். பெண் 120 நாளுக்கு ஒரு தடவை, மூன்று தடவை. அவளை ஒரு வருடம் நடமாட வைக்க எட்டு ஒன்பது பேர் போதும். ஆயிரம் பேருக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தி வேண்டாம். தங்கள் முறை எப்போது என்று தெரிந்த பத்துப் பேர் வேண்டும். இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வருகிறது.

2024 ஜூலை 9

நடுவில் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் சேருமே, அதை வாங்கி வைத்துக்கொண்டால் இத்தனை பாடு எதற்கு?"

2021-ல் மகளுக்கு இரண்டாவது ஆன்டிபாடி வந்தது, சிறிய சி-க்கு எதிராக. பெரிய ஈ இல்லாத ரத்தம் மட்டும் என்றால் கஷ்டமில்லை, நம்மிடையே ஐந்தில் நாலு பேரிடம் அது இருக்காது. சிறிய சி-யும் இருக்கக் கூடாது என்றால் பத்துக்கு நாலு பேர்தான் தேறுவார்கள். அன்றைக்கு இரண்டு பையும் கிராஸ் மேட்சில் தள்ளிவிட்டது. எங்கள் ஊரில் ஓ நெகட்டிவ் என்றாலே எல்லோரும் கூப்பிடும் ஒரு பெரியவர், நாற்பது கிலோமீட்டர் பைக்கில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, "எங்க படுக்கணும்?" என்றார். ரத்த வங்கி டாக்டர் அவர் ரத்தம் வேண்டாம் என்றார்.

அவர் முகம் சுருங்கிப்போனது. டாக்டர் அவரை உட்கார வைத்து, பழைய இன்டென்ட் காகிதம் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினார். நெகட்டிவ் என்றால் டி இல்லை என்று பொருள். டி இல்லாதவர்களில் அநேகமாக எல்லோரிடமும் சிறிய சி இரண்டு பங்காக இருக்கும். இந்தப் பிள்ளையின் உடம்பு அடிப்பது அதைத்தான். ஊருக்கெல்லாம் சேரும் ரத்தம் இவளுக்கு மட்டும் சேராது. பெரியவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ வந்தது வீணா?" என்றார். "மேலே பிரசவ வார்டில் ஒரு நெகட்டிவ் அம்மா இருக்கிறார்" என்றார் டாக்டர். பெரியவர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

மகளுக்கு மறுநாள் பி பாசிட்டிவ் ஒன்று, ஓ பாசிட்டிவ் ஒன்று கிடைத்தன. இரண்டிலும் சிறிய சி இல்லை.

2024 ஆகஸ்ட் 2

ஃபில்டர் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை எதுவும் வராதா என்று கேட்டவருக்கு: அது வெள்ளையணுவுக்கு, கிருமிக்கு அல்ல. வெள்ளையணுவுக்குள் குடியிருக்கும் சி.எம்.வி. போன்ற ஒன்றிரண்டு வைரஸ் குறையும், அவ்வளவுதான். கிருமிக்குப் பரிசோதனைதான் காவல். கிருமியின் மரபணுவையே தேடும் நாட் பரிசோதனை உள்ள இடமாகப் பாருங்கள். தொற்று வந்த பிறகு பரிசோதனையில் பிடிபடாத நாட்களை அது குறைக்கும், ஒரேயடியாக இல்லாமல் ஆக்காது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைக் குழந்தைக்குத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

2024 அக்டோபர் 1

இன்று ரத்ததான நாள் என்பதால் எங்கள் பத்துப் பேரைப் பற்றி எழுதுகிறேன். இப்போது பதினோரு பேர்.

2021-க்குப் பிறகு, ஏற்கெனவே தானம் கொடுத்துக்கொண்டிருந்த பி பாசிட்டிவ், ஓ பாசிட்டிவ் காரர்கள் முப்பத்தெட்டுப் பேரின் சாம்பிளை டாக்டர் பரிசோதித்தார். பதினாறு பேர் பொருந்தினார்கள். சிலர் ஊர் மாறிவிட்டார்கள், ஒருவருக்குச் சர்க்கரை வந்து இன்சுலின் ஆரம்பித்துவிட்டார்கள். மீதியிருப்பவர்களில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிப்பவர் ஒருவர், தறி ஓட்டும் அண்ணன் ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் மேடம், காகித ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இரண்டு பேர். கரூரில் எல்லா வேலைக்காரர்களும் என் மகளுக்குள் ஓடுகிறார்கள் என்று சொல்வேன். அவளுக்கு அது பிடிக்கும்.

அந்த மேடத்துக்கு முதல் தடவை எச்.பி. 12.1. 12.5 இல்லாவிட்டால் ஊசியே குத்தமாட்டார்கள். அழுதுவிட்டார். மூன்று மாதம் முருங்கைக்கீரை, பேரீச்சை, டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை. 12.8 வந்ததும் எனக்குத்தான் முதலில் போன். காலண்டரில் நான் குறித்து வைக்கும் பண்டிகை மாதிரி ஆகிவிட்டது அந்தத் தேதி.

என் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பரிசோதனை செய்ததில் தலசீமியா கேரியர் (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) இல்லை என்று வந்தது. சொந்த அக்கா மகளுக்குக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பொது இருப்புக்குக் கொடுக்கிறான். எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்று தெரியாது, கேட்டதும் இல்லை.

2024 நவம்பர் 16

தம்பி, நீங்களும் கேரியரா என்று காட்டும் எச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள் என்று தனியாகச் சொல்லியிருந்தேன். அண்ணன் கேரியர் என்றால் உங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) 5.2 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, கல்யாணம் நிச்சயமான நேரத்தில் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறீர்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. உங்களுக்கு நோய் இல்லை. 3.5-க்கு மேல் இருந்தால் கேரியர், அவ்வளவுதான். பெண்ணுக்கும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு எந்த மாறுபாடும் இல்லை என்றால் பிள்ளைக்கு மேஜர் வராது. இருவருமே கேரியர் என்றால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. அப்போதும் வழியுண்டு, பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே கருவைப் பரிசோதிக்கலாம். உங்கள் அண்ணிக்கும் அடுத்த தடவை இதை மறக்காமல் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 3

பெண்ணுக்கு ஏ2 2.6! கல்யாணப் பத்திரிகையை இங்கேயும் போடுங்கள்.

2025 ஜனவரி 20

இரும்பு பற்றி இதுவரை எழுதவே இல்லை, பெரிய விடுபடல். ஒரு பையில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு. உடம்புக்கு அதை வெளியே தள்ளத் தெரியாது. 35 பை என்றால் 7 கிராம். நல்ல உடம்பில் மொத்தமே நாலு கிராமுக்குள்தான் இருக்கும். மீதி ஈரலிலும் இதயத்திலும் படியும். பத்து இருபது தடவை ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் (இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1000-ஐத் தாண்டியதும் இரும்பை இறக்கும் மருந்து ஆரம்பிப்பார்கள். உங்கள் அண்ணன் பையனுக்கு அந்தக் கட்டம் வந்துவிட்டது, கேளுங்கள். என் மகளுக்குச் சின்ன வயதில் வயிற்றில் ஊசி குத்தி ராத்திரி முழுக்க பம்ப் ஓடும். புரண்டு படுத்தால் குழாய் மடங்கிப் பீப் பீப் என்று கத்தும். இப்போது மாத்திரை, வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள். ஃபெரிட்டின் 3400 இருந்தது 1150-க்கு வந்திருக்கிறது.

2025 மார்ச் 11

பாம்பே குரூப் என்றால் என்ன, அதற்கும் இதே விதியா என்று கேட்டிருக்கிறார்கள். 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டேயும் உடன் இருந்தவர்களும் கண்டுபிடித்து லான்செட் இதழில் எழுதினார்கள். ஏ, பி இரண்டுக்கும் அடித்தளம் எச் என்னும் பொருள். ஓ குரூப்காரரிடம் அந்த அடித்தளம் மட்டும் இருக்கும். பாம்பே குரூப்காரரிடம் அதுவும் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஓ என்றே காட்டும். ஓ ரத்தத்தை ஏற்றினால் உடைத்துவிடும். அவர்களுக்கு இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் கொடுக்க முடியும். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவர், ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கூடுதல்.

இங்கே நான் ஏப்ரலில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. "சொந்தக்காரர் வேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். பாம்பே குரூப்காரருக்கு முதலில் தேட வேண்டிய இடமே கூடப்பிறந்தவர்கள்தான், நாலில் ஒருவருக்கு அதே வகை இருக்க வாய்ப்புண்டு. வேறு வழியில்லாமல் ரத்த சொந்தத்திடம் வாங்கினால் பையைக் கதிர்வீச்சில் காட்டித் தருவார்கள், அளவு 25 கிரே. அது வெள்ளையணுக்களைப் பெருகவிடாமல் செய்துவிடும். நான் சொன்ன முதல் ஆபத்து அதோடு நீங்கும். ஃபில்டர் மட்டும் அதற்குப் போதாது. ஆனால் மஜ்ஜை மாற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது காரணம் அப்படியேதான் நிற்கிறது. உங்கள் அண்ணன் வீட்டுக்குப் பதில் மாறவில்லை.

2025 ஆகஸ்ட் 5

கோலார் பக்கத்து அம்மா ஒருவர் பற்றிய செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். இதய ஆபரேஷனுக்குப் போனவருக்கு ஓ பாசிட்டிவ் பை எதுவுமே சேரவில்லை. குடும்பத்தில் இருபது பேரைப் பார்த்தும் பொருந்தவில்லை. ரத்தமே ஏற்றாமல் ஆபரேஷனை முடித்துக்கொடுத்தார்கள். சாம்பிள் இங்கிலாந்தில் பிரிஸ்டல் வரை போய், இதுவரை யாரிடமும் காணாத வகை என்று தெரிந்து, கிரிப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குரோமர் என்ற ரத்த அமைப்பு, இந்தியா, பெங்களூரு மூன்றையும் சேர்த்த பெயர்.

படித்துவிட்டு மகள் "எனக்கு பரவாயில்லம்மா, பதினோரு பேர் இருக்காங்க" என்றாள்.

2025 செப்டம்பர் 12

தம்பி, உங்கள் பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது பேர், எல்லோருக்கும் சி, ஈ, கெல் பார்த்திருக்கிறீர்கள். பையன் இன்னும் பத்துக் கிலோகூட இல்லை, ஒரு தடவைக்கு ஒரு பைக்குள் முடிந்துவிடும், தாராளம். ஒரு மாற்றம் மட்டும் சொல்கிறேன். ஒரே லேத் பட்டறை ஆட்கள் நாலு பேரை ஒரே வாரத்தில் போட்டிருக்கிறீர்கள். அப்படிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு நாலு பேரும் கிடைக்கமாட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருவர் என்று பிரியுங்கள். ஏப்ரல், மே மாதத்துக்கு இப்போதே இரண்டு பேரை ஒதுக்கி வையுங்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றீர்களே, அவரை நீக்க வேண்டாம். தீபாவளிக்கு ஊருக்கு வருவார் இல்லையா, அந்த வாரம் போட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக்கு எங்களுக்கு ஏற்றுகிற நாள். தறிக்கார அண்ணனும் ஆட்டோக்காரரும் போன வாரமே கொடுத்துவிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணி பஸ், அவள் கணக்கு நோட்டை எடுத்து வைத்துவிட்டாள்.